யாருக்கு மைக் கொடுப்பது

பூனை என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் வாக்காளர் அட்டையோடு சரி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் அவருக்கு வேலை. கூட்டம் நடக்கும்போது கேள்வி கேட்க நினைப்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவார். நடையில் சத்தமே இருக்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். அதனால் வந்த பெயர் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். மனைவி அதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"நடையைப் பார்த்து வெச்ச பேரா அது? சமையக்கட்டுல ஒரு தட்டு விழுந்தா போதும், கட்டிலுக்கு அடியில தேடணும் இவரை."

பயம் அவருக்குக் கூடப்பிறந்தது. லிப்டில் ஏறமாட்டார். சீருடையில் யார் எதிரே வந்தாலும், அது தபால்காரராகவே இருந்தாலும், சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை துணிந்து வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். அதுதான் வினையாகிப் போனது.

அவர்கள் பகுதி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவை மூடியிருந்தார்கள். நிதி இல்லை என்று கதவில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டுத் தையல்காரியின் மகளுக்கு இழுப்பு நோய். மூச்சுத் திணறும்போதெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பேருந்து மாறி, நகரத்தின் மறுகோடிக்கு ஓடவேண்டும். அந்தத் தேர்தலில் ஒரு கட்சி, பெரும் பணக்காரர்களிடம் கூடுதல் வரி வாங்கி, மூடிய பிரிவுகளை எல்லாம் திறப்போம் என்றது. அந்தக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியதே பூனைதான். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்கக் கேட்க நம்பிக்கையும் வந்துவிட்டது. மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கதவுகளைத் தட்டினார். தையல்காரியிடம், "நம்பிப் போடும்மா, இந்தத் தடவை நடக்கும்" என்றார். அவளும் போட்டாள். தெருவே போட்டது. கட்சி ஜெயித்தது.

அப்புறம் குழு அமைத்தார்கள். குழு கூடியது, கலைந்தது. அடுத்த ஆண்டு என்றார்கள். ஒருநாள் காலை பூனை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. அந்த வரி கைவிடப்பட்டதாம். வரி போட்டால் வசதி படைத்தவர்கள் நாட்டை விட்டே போய்விடுவார்களாம். தாடையில் பிளேடு இறங்கி ரத்தம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

தெருவுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்சி எங்கேயோ இருந்தது. பூனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். மளிகைக் கடையில், "வாங்க கட்சிக்காரரே, வரியெல்லாம் வசூல் ஆயிடுச்சா?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அவருக்கோ அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரிந்தது. சந்து வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒருநாள் விடிந்து பார்த்தால் கதவு முழுக்கத் தார். மனைவி மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். இவர் உள்ளே உட்கார்ந்து, இன்றைக்குத் தார், நாளைக்கு நெருப்பா என்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. ஒரு பிற்பகல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தோளில் கிடந்த பிள்ளையின் முதுகு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் சட்டமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் கூட்டம் அறிவித்தார்கள். வேலை பூனையின் முதலாளிக்குத்தான் வந்தது. அன்று மத்தியானம் மண்டபத்தில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது, கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் வந்து அவர் தோளில் கை போட்டார். பூனை குடியிருந்த வீடும் அந்தச் செயலாளருடையதுதான்.

"கழுத்துல நீலத்துணி போட்டு நம்ம ஆளுங்க அங்கங்க உக்காந்திருப்பாங்க. மைக் அவங்களுக்கு மட்டும். வேற எவன் கையத் தூக்கினாலும் உனக்குக் கண்ணு தெரியாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"வரியப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது. வீடெல்லாம் வசதியா இருக்கா? தண்ணி வருதா?"

கடைசிக் கேள்வியை அவர் அன்பாகத்தான் கேட்டார். எதற்கென்று தெரியாமலே பூனை மன்னிப்புக் கேட்டார்.

மாலையில் மண்டபம் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். மேடையில் உறுப்பினர், நடுவயதுப் பெண், மடியில் ஒரு காகிதத்தை வைத்து நீவிக்கொண்டே இருந்தார். நீலத்துணிக்காரர்கள் கேள்வி என்ற பெயரில் வாழ்த்துரை வாசித்தார்கள். "தெருவிளக்கெல்லாம் பகல் மாதிரி எரியுதே, இவ்வளவு சீக்கிரம் எப்படிச் செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்க, கூட்டத்தில் யாரோ, "பகல்லயும்தான் எரியுது, அணைக்க ஆள் இல்ல" என்றார். சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. அந்த அடங்கல் பூனைக்குப் பிடிக்கவில்லை. மழைக்கு முன்னால் காற்று நின்றுவிடுமே, அப்படி இருந்தது.

தையல்காரி கை தூக்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரென்று பார்த்தால், பூனையின் மனைவி. இவர் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார். திரும்பி வந்தார், மறுபடி தாண்டினார். தையல்காரி கையை இறக்கவில்லை. வலித்ததோ என்னவோ, மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். மனைவி இவரை முறைத்திருந்தால் பழகின பயம்தானே என்று போயிருப்பார். அவளோ தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அந்த வரிசையைக் கடக்கும்போது தையல்காரி அவர் சட்டைக் கையைத் தொட்டாள்.

"அண்ணே, நான் கத்தமாட்டேன். ஒரே ஒரு கேள்வி."

முதலாளி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். செயலாளர் எழுந்தே விட்டார். ஓடிவிடலாம் என்றுதான் பூனை நினைத்தார். கால் வரவில்லை. கை மட்டும் நீண்டது. மைக் அவள் கைக்குப் போயிருந்தது.

"அம்மா, பெரிய பணக்காரங்ககிட்ட வரி வாங்கி ஆஸ்பத்திரியத் திறப்போம்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கினீங்க. இப்ப, கேட்டா அவங்க போயிடுவாங்கங்கறீங்க. நாங்க போகமாட்டோம்னு உங்களுக்கு எப்படித் தெரி—"

மைக் செத்தது. முதலாளி விசையைத் தள்ளிவிட்டார். ஆனால் தையல்காரி நிறுத்தவில்லை. மெல்லிய குரலில், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். "பின்னாடி கேக்கல!" என்று யாரோ கத்தினார்கள். உடனே நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து, அவள் சொன்னதை அப்படியே பின்னால் திரும்பிச் சொன்னாள்.

"போறதுக்கு எங்களுக்கு இடமில்லைங்கற தைரியமான்னு கேக்கறாங்க."

எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்றார் உறுப்பினர்.

"புரிஞ்சா புள்ளைக்கு மூச்சு வந்துடுமா?" இது சுவரோரத்திலிருந்து வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து மேடைக்குப் பாயப்போகிறார்கள் என்று பூனைக்குத் தோன்றியது. உறுப்பினருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கவேண்டும். முகம் வெளுத்திருந்தது. காகிதத்தை மடித்துவிட்டுச் சொன்னார்:

"கட்சிக்குள்ள நான் கேட்டேன். அடுத்த தடவை நிக்கணுமா வேண்டாமான்னு திருப்பிக் கேட்டாங்க. உக்காந்துட்டேன்."

அதற்குமேல் பேச விடாமல் செயலாளர் மேடையேறி நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கும் அறைக்குப் பூனையைக் கூப்பிட்டார்கள். முதலாளி நல்ல மனுஷர். அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"பூனை, அவ உன் கையிலருந்து பிடுங்கினா. அதானே நடந்தது? சொல்லு."

"பிடுங்கினான்னு சொல்லிட்டா உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் செயலாளர். "கூட்டத்துல கலாட்டா பண்ணினான்னு அவ மேல புகார் கொடுத்துக்கறோம். நீ பாட்டுக்கு வேலையப் பாரு, வீட்டுல இரு."

தப்பிக்க வழி கண்முன்னே திறந்து கிடந்தது. சீருடைக்காரர்கள் தையல்காரியின் வீட்டு வாசலில் நிற்பதும், உள்ளே அந்தப் பிள்ளை இழுப்பில் கிடப்பதும் பூனையின் மனதுக்குள் ஓடின.

"இல்லைங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார்: "நான்தாங்க கொடுத்தேன். மன்னிச்சிடுங்க. ஆனா நான்தான் கொடுத்தேன்."

வெளியே வந்து கைகழுவும் தொட்டியில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தார். மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வேலை போச்சு" என்றார்.

"ம்."

"வீடும் போச்சு."

"தார் பூசின கதவுதானே, விட்டுத் தள்ளுங்க" என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

பயந்தபடியே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மூட்டை கட்டிய நாளில் மளிகைக் கடைக்காரர் வண்டி கொடுத்தார். தையல்காரி எல்லாத் தலையணைகளுக்கும் புது உறை தைத்துக் கொண்டுவந்தாள். கதவில் தார் பூசியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சாமான் ஏற்றியவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். புது வீடு இருப்புப்பாதைக்கு அந்தப்புறம், ஒற்றை அறை. ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் ஆடும், பூனையும் துள்ளி எழுவார். கொஞ்ச மாதங்கள் வேலையில்லாமல் அல்லாடி, பேருந்து நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பாதுகாக்கும் அறையில் சேர்ந்தார். குடைகள் யாரையும் மிரட்டாது என்பதால் அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வரி வரவில்லை. அடுத்த தேர்தல் நெருங்கியபோது குழந்தைகள் பிரிவைப் பகலில் மட்டும் திறந்தார்கள். இழுப்பு, நேரம் பார்த்தா வருகிறது? அந்த உறுப்பினருக்கு மறுபடி நிற்க வாய்ப்புத் தரவில்லை. அதே கட்சி, புது முகத்தோடு, அதே வாக்குறுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. செயலாளர் இருப்புப்பாதையைத் தாண்டிப் புது வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டு வந்தார். பூனை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மனைவிதான் வாசலில் நின்று பதில் சொன்னாள்.

"அவர் குளிக்கறார்."

"எப்ப வருவார்?"

"நீங்க போனதும் வருவார்."

பூனைக்கு ஓட்டு இன்னும் பழைய இடத்தில்தான் இருந்தது. ஓட்டுப் போடும் நாளில் பழைய தெருவில் பாதிப்பேர் வரவில்லை. தையல்காரி வந்து, போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். பூனை ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். திரும்பும் வழியில் திறந்த மைதானத்தின் நடுவே மனைவி மெல்லக் கேட்டாள்:

"யாருக்குப் போட்டீங்க?"

"உஷ்! சுவருக்கும் காது இருக்கு."

அவள் நின்று நாலாபுறமும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுவரே இல்லை. அவர் அதற்குள் பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தார்.