என் மனைவி ஏறாத கார்

கோலார் தங்க வயலில், ஊரிகத்தில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை துணி. அது பிறந்த நாட்டில், புதிதாக வேலைக்குப் போன பையன்கள் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய மலிவான சரக்கு என்று சொல்வார்கள். இருக்கட்டும். தங்க வயலில் வேறு யார் வீட்டு முற்றத்தில் அப்படி ஒன்று நிற்கிறது, காட்டட்டும். நான் கொண்டுவந்தபோது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே உறுமுகிறது. அதைச் செய்தது நான். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

கொண்டுவந்த அன்றே என் மனைவி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னா வேணா பண்ணிக்கோங்க. நான் அதுல ஏறமாட்டேன்."

காரணம் எனக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம், மழையில், எங்கள் ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஒரு பன்றி ஓடியது. நான் பிரேக் போட்டேன். ஸ்கூட்டர் நின்றது, நானும் நின்றேன், அவள் மட்டும் நிற்கவில்லை. மணிக்கட்டில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அது பன்றியின் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஓட்டும் எதிலும் அவள் ஏறியதில்லை. ஒரே கல்யாணத்துக்கு நான் ஸ்கூட்டரில் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். மண்டபத்து வாசலில் எங்களைப் பார்க்கிறவர்கள், "இன்னா, வீட்ல சண்டையா?" என்று கேட்பார்கள்.

இது ஏன் எனக்கு உறைத்தது என்றால், நிறுத்துவதுதான் என் தொழில். சுரங்கத்தில் நான் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தேன். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை கேஜ் என்போம். கம்பி வடத்தில் அதை விடுவதும் இழுப்பதும் என் கை வேலை. கேஜ் இறங்குகிற ஆழக் குழி, அதாவது ஷாஃப்ட், ஓரிடம், என்ஜின் ஓரிடம். கேஜும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, அதில் நிற்கிறவர்களும் தெரியமாட்டார்கள். கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எதிரே ஒரு பெரிய முள் காட்டும். இறக்கு, நிறுத்து என்று கேஜ் பக்கமிருந்து மணிக்காரன் மணி அடிப்பான். காதை மணியிலும் கண்ணை முள்ளிலும் வைத்துக்கொண்டு பிரேக்கைப் போட வேண்டும். அவசரக்காரன் போட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்கு முழங்கால் மடங்கிவிடும். என் ஷிப்டில் ஏறி வந்தவர்கள் டீக்கடையில் சொல்வார்கள்: "கேஜ் கேட்டத் தொறந்தப்புறம்தாம்பா நின்னதே தெரிஞ்சுது."

அந்த வாக்கியத்தை நான் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று என் மனைவியைக் கேட்டுவிடாதீர்கள், ஒரு பொழுது போய்விடும். அவளுடைய பதிலும் மாறியதில்லை.

"ஷாஃப்டுல ஊரையே பூ மாதிரி எறக்கினீங்க. ஸ்கூட்டர்ல ஒருத்திய ரோட்ல போட்டீங்க."

அவள் என்ஜின் பக்கம் வந்ததுமில்லை, கேஜில் ஏறியதுமில்லை. என் வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் வாயால் கேட்டது. சுரங்கத்தை மூடியபோது, அதைக் கண்ணால் காட்டுகிற வழியும் மூடிப்போனது. பிறகு ரிடையர் ஆகும்வரை ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்து, ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டேன். கம்ப்ரசரில் பூ மாதிரி நிறுத்த என்ன இருக்கிறது? ஆகவே கார் ஓடுவது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவள் ஏறி உட்கார வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கார் எங்கே கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில். காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதைப் பற்றி மேற்கொண்டு கேட்டால் எனக்குக் கோபம் வரும். தரை முழுக்கத் துரு. உட்கார்ந்து கீழே பார்த்தால் மண் தெரிந்தது. பழைய தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, அட்டையில் அளவெடுத்துப் புதுத் தகடு வெட்டினேன். வெல்டிங்காரர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து ஒட்டவைத்தேன். என்ஜினுக்குள் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, தினமும் காலையில் காபிக்கு முன்னால் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அசைந்தது. அன்றைக்குக் காபி ஆறிப்போனது, நான் திட்டும் வாங்கினேன், ஆனாலும் அவ்வளவு நல்ல காபியை நான் குடித்ததில்லை. ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர் ரெக்சினில் இரண்டு சீட்டும் தைத்துக் கொடுத்தார். பெயின்ட் நானே அடித்தேன். ரத்தச் சிவப்பு. டிரைவர் பக்கத்துக் கதவில் ஓரிடத்தில் வழிந்திருக்கிறது, அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

கடைசியாக பிரேக். முன் சக்கரம் ஒன்றில் பிரேக் பிஸ்டன் சிக்கிக்கொண்டு காரை இடது பக்கம் இழுத்தது. கழற்றித் தேய்த்துச் சரிசெய்து, புது ரப்பர் போட்டு, பிரேக் எண்ணெய் ஊற்றினேன். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. குழாயில் காற்று. அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட. இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்?

"ஓடாத காரு தானே?" என்று கேட்டாள் என் மனைவி. "முட்டு குடுத்து நிக்குது தானே?"

"ஓடாது."

"அப்ப ஒக்கார்றேன். இது ஏறினதா கணக்கு கெடையாது."

உட்கார்ந்தாள். நான் அடியிலிருந்து "அமுத்து", "புடி", "விடு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பிடிக்கச் சொன்னபோது விட்டாள், போன காற்று திரும்பி வந்தது. எண்ணெய் என் மூக்கில் சொட்டியது. நான் ஏதோ சொன்னேன், அது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது. இறங்கிப் போய்விட்டாள்.

அரைமணி நேரம் கழித்து அவளாகவே திரும்பி வந்தாள். நானும் அதற்குள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். கேஜுக்கு மணி அடிக்கிற கணக்கு.

"ஸ்பேனரால தட்டுவேன். ரெண்டு தட்டினா எறக்கு, அதாவது அமுத்து. ஒண்ணு தட்டினா நிறுத்து, காலை எடுக்காம அப்படியே புடி. நாலு தட்டினா விடு."

நாலு என் சொந்தச் சரக்கு, மற்றதெல்லாம் சுரங்கத்துடையது. பேச்சே இல்லாமல் வேலை ஓடியது. இரண்டு, ஒன்று, நாலு. இரண்டு, ஒன்று, நாலு. எத்தனையோ வருஷம் மணிக்காரனின் அடிக்கு நான் கை அசைத்திருக்கிறேன். இப்போது நான் அடிக்க, அவள் கால் அசைந்தது. சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. நாலு சக்கரமும் முடிந்து பெடல் கல் மாதிரி நின்றபோது மேலிருந்து குனிந்து கேட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு. மூணு எங்க போச்சு?"

"மூணு அடிச்சா கேஜுல ஆள் ஏறியிருக்குன்னு அர்த்தம். கல்லு, மண்ணு இல்ல, மனுசங்க. டிரைவர் பாத்து எறக்கணும்."

"ம்" என்றாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கிச் சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

சுரங்கத்தில் வடத்தையோ பிரேக்கையோ தொட்டு வேலை செய்தால் உடனே ஆளை ஏற்றமாட்டோம். முதலில் கேஜ் காலியாகப் போய்வரும், பிறகு பாரத்தோடு போய்வரும். நானும் அப்படியே செய்தேன். முதலில் தனியாகப் போனேன். பிறகு பக்கத்து சீட்டில் இரண்டு மணல் மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மண்மேட்டு ரோட்டில் ஏறி இறங்கினேன். "இன்னாபா, வீட்டம்மா வராததுக்கு மூட்டையா?" என்று லைனே சிரித்தது. சிரிக்கட்டும். இறக்கத்தில் நிறுத்தினபோது மூட்டை ஒரு விரல்கூட நகரவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். மூட்டைக்கு வாய் இல்லை, அது சொல்லவா போகிறது என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து கோழிக் குழம்பு வைத்தாள். ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும். தூக்குப் பாத்திரத்தில் விளிம்புவரை ஊற்றி, மேலே ஒரு தட்டை மூடி, வெள்ளைத் துணியால் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நான் முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பவில்லை. காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள், கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மோதிரம் போட்ட விரலால் கதவில் தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

துடைத்த துணியைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

லைனைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தோம். கூரையை மடித்துவிட்டிருந்ததால் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நான் மடித்திருந்தேன். அவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பார்வையைத் துணி மேலேயே வைத்திருந்தாள். ரோடு இறக்கமாகும் இடத்தில் ரயில்வே கேட்டை மூடத் தொடங்கினார்கள். நான் காலைப் பெடலில் வைத்தேன். முள்ளும் இல்லை, மணியும் இல்லை. காலுக்கே கணக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டு போட்டுட்டாங்க, பாருங்க. நிறுத்துங்க."

"நின்னு நேரமாச்சு" என்றேன்.

அவள் கதவுக்கு மேலாக எட்டி ரோட்டைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த கல் பக்கத்திலேயே இருந்தது. துணியை விலக்கினாள். சுத்தமாக இருந்தது. தட்டைத் தூக்கினாள். குழம்பு விளிம்பில் அப்படியே நின்றது.

"அப்ப டீக்கடையில சொன்னது நெஜந்தான்" என்று என் பக்கம் திரும்பினாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை நிறுத்தியிருக்கிறேன். ஏறியிருந்தவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.