கறுப்பு மூக்குக் குட்டி

"அக்கா, நாய்க்கு மூக்கோரம் கறுப்பாத் தெரியுது. செத்த பவுடர் போடுங்க" என்றார், எங்கள் நாயைப் படமெடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர். டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப்போனது.

ராஜபாளையத்தில் அப்பா நாய் வளர்த்து விற்றார். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் ஜாதி நாய்க்கு அடையாளம். அந்த ஈற்றில் ஒரு குட்டிக்கு மட்டும் மூக்கு கறுத்திருந்தது. வாங்க வருகிறவர்களிடம் காட்டப் படமெடுக்கும் நாளில், அதைக் காப்பாற்றுவதாக நினைத்து என் பவுடரை அதன் மூக்கில் அப்பினேன். அப்பா தூக்கியதும் குட்டி தும்மியது. பவுடர் பறந்து கறுப்பு தெரிந்தது.

"இதப் பாத்தா தாயவே கலப்புன்னு சொல்லுவானுக. ஏட்டி, நீதான பூசுன? நீயே கழுவு."

குட்டியை என் கையில் கொடுத்து, வாளித் தண்ணீருக்குள் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். குமிழி நிற்கும்வரை எடுக்கவில்லை. பிறகு எனக்குத் தலைசீவி, மிச்சக் குட்டிகளோடு படத்துக்கு உட்காரவைத்தார்.

"சிரிட்டி" என்றார். சிரித்தேன்.

இப்போது என் நாயும் தும்மியது. நான் மறுபடியும் பவுடரைப் பூசினேன்.

"நீங்களும் பக்கத்துல உக்காருங்கக்கா. செத்த சிரிங்க."

உடனே சிரிப்பு வந்துவிட்டது.