பதினாலு மில்லி வெளியே

அத்தான் நில அளவையாளர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் நிலத்தின் எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சட்டைப் பையில் பேனா இல்லாமல் அவரைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் நைலான் நூல்கண்டு இல்லாமல் பார்த்ததில்லை. எதையும் மில்லிமீட்டரில் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு ‘மில்லி’ என்று பெயர். அவர் அளந்து வருவதைக் கணினியில் வரைபடமாக்குவது என் வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேஜையில் கோல்ஃப் விதிகளை அச்செடுத்துப் பரப்பி, பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மேலாளரோடு சனிக்கிழமைகளில் கோல்ஃப் ஆடும் இருவர் ஊரில் இல்லை. அதனால் அத்தானையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். நாங்கள் நாலு மாதமாக, வலை கட்டிய பயிற்சி மைதானத்தில் பந்தடித்துப் பழகியதோடு சரி. வேறு சமயமாக இருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்போம். ஆனால் அத்தானின் ஒப்பந்தம் முடிய ஆறே வாரம் இருந்தது. அதை நீட்டிக்கும் கடிதம் மேலாளரின் மேஜையில் பத்து நாளாகக் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. கையெழுத்து விழாவிட்டால் இந்த நாட்டில் அவருடைய வேலை அனுமதி போய்விடும். அக்கா மகள் பள்ளி இறுதி வருடத்தை அப்படியே போட்டுவிட்டு வர, எல்லோரும் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மைதானத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளை முளைகளைத் தாண்டிப் பந்து போய்விட்டால் அதற்கு ‘ஓபி’ என்று பெயர் என அத்தான் அக்காவுக்கு விளக்கினார்.

“ஓபிக்கு விதிப் புத்தகமா? உங்க ஆபீஸ்ல பாதிப் பேர் படிக்காமலே பாஸாயிடுவாங்களே,” என்றாள் அக்கா. சிரித்தவள் அவள் மட்டும்தான்.

சனிக்கிழமை நான்காவது ஆள் ஒரு பல் டாக்டர், மேலாளரின் பழைய சிநேகிதர். நண்பர்களுக்குள் ஆடும்போது என்ன வழக்கம் என்று அவர்தான் சொன்னார். முறைப்படி பார்த்தால், பந்து வெளியே போனால் தண்டனையாக ஓர் அடி கணக்கில் ஏறும். முன்பு அடித்த இடத்துக்கே நடந்து போய் மறுபடி அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பின்னால் வரும் கூட்டம் திட்டித் தீர்த்துவிடும். அதனால் இவர்கள் பந்து எல்லை தாண்டிய இடத்துக்கு நேராகப் புல்வெளியில் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு அடியைக் கணக்கில் கூட்டிக்கொள்வார்களாம். உள்ளேயா வெளியேயா என்று யார் முடிவு செய்வது என்று அத்தான் கேட்டார்.

“கண்ணு இருக்கில்ல?” என்றார் டாக்டர்.

அந்தப் பதில் அத்தானுக்கு உள்ளே இறங்கவே இல்லை. நாலாவது குழியில் டாக்டர் மட்டையை வீச இடைஞ்சலாக இருந்ததென்று ஒரு வெள்ளை முளையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லை முளையைத் தொடக் கூடாது என்று ஆட்டத்தின் விதியும் சொல்கிறது, தொழிலும் சொல்கிறது. அதை எடுத்து, அதே ஓட்டையில் நட்டு, நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேலாளர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் அன்று வெளுத்துக்கட்டினார். வாழ்நாளில் ஒருமுறையாவது பதினெட்டுக் குழிகளையும் நூறு அடிக்குக் கீழே முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆறு வருட ஆசை என்று டாக்டர் என் காதில் சொன்னார். பதினாறு குழி முடிந்தபோது எண்பத்தேழு. பதினேழாவதில் முதல் அடி இடப்பக்கம் வளைந்து, வெள்ளை முளைகளின் வரிசையில் போய் நின்றது. உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்பதுபோல் கிடந்தது பந்து.

“மில்லி, நீங்க பார்த்துச் சொல்லுங்க,” என்றார் மேலாளர்.

அத்தான் நூலை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் தந்து முளைத் தலையில் பிடிக்கச் சொன்னார். மறு முனையை அடுத்த முளையில் வைத்து இழுத்துக் குனிந்தார். பந்தில் கால்வாசி நூலுக்கு உள்பக்கம் இருந்தது. பந்து முழுசாக வெளியே கிடந்தால்தான் ஓபி. “உள்ளதான் சார்,” என்றார். மேலாளர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். அந்தக் குழியை அவர் ஐந்தில் முடித்தார். மொத்தம் தொண்ணூற்றிரண்டு. கடைசிக் குழியில் ஏழு அடித்தாலும் தொண்ணூற்றொன்பது.

நடந்துகொண்டே நூலைச் சுற்றிய அத்தான் பாதியில் நின்றுவிட்டார். நூலில் இரண்டு இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“நடுவுல புடிச்சுட்டேன்,” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. நிலத்தில் எல்லை என்றால் கல்லின் நடுவிலிருந்து கல்லின் நடுவுக்கு. கோல்ஃபில் அப்படி இல்லை. முளையின் உள்பக்க விளிம்புதான் எல்லைக்கோடு. வியாழக்கிழமை அடிக்கோடு போட்ட வரிகளில் அதுவும் ஒன்று. தலை படித்திருந்தது, கை பழைய வேலையைச் செய்துவிட்டது. முளை ஐந்து சென்டிமீட்டர் தடிமன். நூலைப் பாதித் தடிமன் உள்ளே தள்ளிப் பிடித்திருந்தால் பந்து முழுசாக வெளியே.

“விடுங்க அத்தான், இது என்ன கோர்ட்டா, ஆறு வாரம்தான் இருக்கு, மகள் படிப்பை நினைச்சுப் பாருங்க” என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த குழியில் மேலாளர் முதல் அடி அடித்துவிட்டால், இதைத் திருத்த விதியில் இடமில்லை. அவரோ அதற்குள் பந்தை வைத்துவிட்டு மட்டையை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு கேட்டது என்னையடா,” என்றார் அத்தான். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனார். “சார், அடிக்காதீங்க. அந்தப் பந்து வெளிய. நான் நூலைத் தப்பாப் புடிச்சுட்டேன்.”

மேலாளர் மட்டையை இறக்கினார். “எவ்வளவு வெளிய?”

“பதினாலு மில்லி சார்.”

டாக்டர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. கணக்கெழுதும் அட்டையை எடுத்து ஐந்தை அடித்து ஏழு என்று எழுதினார். கடைசிக் குழியை ஆறில் முடித்தார். மொத்தம் சரியாக நூறு. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தலையசைப்போடு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அத்தான் குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அது ஒழுகவே இல்லை. அக்கா பரண்மேல் இருந்த பெட்டிகளை இறக்கித் துடைத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். கையெழுத்து வாங்க வேண்டிய வரைபடங்களோடு நானும் உள்ளே போனேன். கடிதம் அவர் முன்னால் இருந்தது.

“அன்னைக்கு நீங்க உள்ளன்னு சொன்னப்ப, இந்தக் கடிதத்துக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். எனக்கும் அது வேண்டியிருந்தது, பேசாம எடுத்துக்கிட்டேன்,” என்றார். “நீங்க அளக்கறதுக்கு அடியிலதான் வருஷம் முழுக்க நான் கையெழுத்துப் போடறேன், மில்லி.” எங்கள் முன்னாலேயே போட்டார். இரண்டு வருடம்.

வெளியே வந்ததும் அத்தான் தேதியை மூன்று தடவை படித்தார். அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி வைத்தார். இனியாவது நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம் என்று நான் கிளம்பினேன். அவர் என் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் அளந்தோமே, அந்தப் படத்தை எடு. பத்திரத்துல நடுன்னு இருந்துச்சா, விளிம்புன்னு இருந்துச்சா?”

நடுவென்றுதான் எனக்கு ஞாபகம். ஆனாலும் கோப்பைத் திறந்து, பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.