சகலை வீட்டு மஞ்சள் மாத்திரை

என் சகலையின் புஜத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு. அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கல்யாண வீடுகளில் நாங்கள் சேர்ந்து நின்றால், அவரை என் மருமகனா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களின் முகத்தை நான் மறப்பதே இல்லை.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். மாமனார் போன பிறகு, தைப்பூசத்தன்று அந்த வீட்டுக் காவடியைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தூக்கிப் போவது மூத்த மருமகனான நான்தான். அந்தக் குடும்பத்தில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அது. ஒரு வருடம் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சகலைதான் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். காவடி என் தோளில்தான் மேலே போனது. ஆனால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான் இருந்தது.

அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது மாமியார் சொன்னார்: “ரெண்டு பேருமே வெரதம் இருங்க. யாரு தூக்குறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. விரதம் தொடங்குவதற்கு முன்பே ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனேன். குளிர்பெட்டியின் மேல் வரிசையாக டப்பாக்கள்.

“என்ன தம்பி இதெல்லாம்?”

“சப்ளிமெண்ட்ண்ணே. ஜிம்ல சாப்பிடச் சொன்னாங்க.”

அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் தேநீர் கலக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தேன். சூலியா தெரு மருந்துக் கடையில் அந்தப் படத்தை நீட்டியபோது, கடைப் பெண் என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தாள்.

“அங்கிள், எக்சர்சைஸ் பண்றீங்களா? சும்மா சாப்ட்டா பிரயோஜனம் இல்லலா.”

“டெய்லி பண்றேம்மா” என்றேன். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்கிறேனே, அது என்னவாம்?

படத்தில் இருந்த அதே புரோட்டீன் மாவும் மஞ்சள் மாத்திரையும் வாங்கி, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் என் லாக்கருக்குள் ஒளித்து வைத்தேன். மனைவிக்குத் தெரிந்தால் அரை மணியில் தங்கைக்குத் தெரியும், பிறகு அவருக்கும் தெரியும். அந்த வெட்கக்கேடு வேண்டாம்.

விரதத்தில் ஒரு குறை வைக்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. கேன்டீன் கிளாஸில் யார் எதைக் குடித்தார்களோ என்று டீயைக்கூடத் தொடவில்லை. ஒரே ஒரு தொந்தரவு. அடிக்கடி ஏப்பம் வந்தது, அதில் மீன் வாடை அடித்தது. நாக்கு மீன்குழம்புக்கு ஏங்குகிறது, முருகன் சோதிக்கிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். புஜத்தை அளவு நாடாவால் அளந்து பார்த்தேன், ஒரு நூல்கூட ஏறவில்லை. எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு ஏறினால் பழையபடியே இரைத்தது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். காலையில் வழக்கம்போல் இரண்டு மாத்திரை போட்டேன். வேலை முடிந்து லாக்கரைப் பூட்டும்போதுதான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை முதல் முறையாகப் படித்தேன். பொடி எழுத்தில் மலாயில் ‘மிஞாக் இக்கான்’ என்றிருந்தது. மீன் எண்ணெய்! டீ கிளாஸைத் தொடாத நான் தினமும் காலையில் மீனை விழுங்கியிருக்கிறேன்.

முருகா மன்னித்துவிடு என்று சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினேன். இதே மாத்திரைதானே சகலை வீட்டிலும் இருந்தது? அவர் விரதமும் போச்சு! சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு வந்தது பயத்தைவிடப் பெரிய சந்தோஷம். என் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு நேராக மாமியார் வீட்டுக்குப் போனேன். யார் தூக்குவது என்று முடிவு செய்ய எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள்.

“தம்பி வெரதம் செல்லாதுத்தே” என்றேன், உட்காருவதற்கு முன்பே. “அவரு சாப்புடுற மஞ்ச மாத்திர மீன் எண்ண.”

சகலை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“தெரியும்ணே. வெரதம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் நிறுத்திட்டேன். நிறுத்தியும் ஒடம்பு அப்பிடியேதான் இருக்கு. தெனம் காலையில தண்ணீர்மலைப் படி ஏறி எறங்குறேன்ல, அதான் கைகுடுக்குது போல.”

மாமியார் தலையாட்டினார். என் மனைவி மட்டும் என்னையே பார்த்தாள்.

“அது மீன் எண்ணன்னு ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பொய்க்கு முன்னால் ஏப்பம் வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தைப்பூசத்தன்று காவடி சகலையின் தோளில் போனது. நான் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். போன தடவை நான் உட்கார்ந்த படியை அவர் நிற்காமல் தாண்டினார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாய் ‘வேல் வேல்’ என்றது. கண் மட்டும் அவர் புஜத்தை விட்டு நகரவில்லை.