பர்வீன் கை ஐந்து கிராம்

எல்லாத் தொழிலிலும் கை ஓடினால்தான் சோறு. எங்கள் தொழிலில் கை சும்மா இருந்தால்தான் சர்டிபிகேட்.

கிரேனியோசேக்ரல் தெரபி என்று பெயர். படுத்திருப்பவரின் தலையையும், முதுகெலும்பு முடியும் இடத்தையும் மிக லேசாகத் தாங்கிக்கொண்டு, உள்ளே மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அசைவைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூரில் நான் உதவியாளராக இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கிலிருந்து இரண்டு பேரை இந்தப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒன்று நான், இன்னொன்று பர்வீன். பாஸ் செய்கிறவளுக்குப் புதிதாகத் தடுத்த அறை, கதவில் பெயர்ப் பலகை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அறை ஒன்றுதான். கூட வேலை செய்பவளைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்ற புண்ணியவதிகள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

தராசு

முதல் நாள் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு சமையல் தராசை மேசையில் வைத்து, அதன்மேல் விரலை வைக்கச் சொன்னார். ஐந்து கிராம் காட்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் கனம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே நாற்று நட்டவள். கல்யாணமாகிப் பட்டாபிராம் வந்ததும் பச்சைக் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் போனவள். விரலை வைத்தேன், நூற்று எண்பது. குறைத்தேன், தொண்ணூறு. இன்னும் குறைத்தேன், பூஜ்யம். விரல் தராசிலேயே இல்லை.

பர்வீன் பூந்தமல்லிக்காரி. ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து பழகிய கை. வைத்தாள், ஐந்து. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள், அதே ஐந்து. போதாததற்கு எனக்கு யோசனை வேறு சொன்னாள்: "அக்கா, நீங்க கையை வைக்கலக்கா. ஓடற பஸ்ல கம்பியைப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்க."

எழுபத்தெட்டு

மூன்றாவது வாரம் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துப் பழகினோம். பர்வீன் கண்ணை மூடிக்கொண்டு, ஏரித் தண்ணீர் கரையில் ஏறி இறங்குவதுபோல் தெரிகிறது என்றாள். மேடம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தே தீர வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். அடடா, விரல் நுனியில் டக் டக்கென்று வந்துவிட்டது. இன்னொருத்தி முந்துவதற்குள் கையைத் தூக்கினேன்.

நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டார் மேடம். எழுபத்தெட்டு என்றேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "அது உன்னோட நாடி, மகேஸ்வரி. படுத்திருக்கிறவங்ககிட்ட நீ இன்னும் போகவே இல்ல."

கையெழுத்து வேட்டை

வீட்டில் முப்பது பேரைப் படுக்கவைத்துப் பழகி, எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். பர்வீனின் ஃபைலை அவள் டீ குடிக்கப் போனபோது திருட்டுத்தனமாகப் பார்த்தேன். "மனசு லேசாச்சு." "அழுகை வந்தது, நல்ல அழுகை." என் ஃபைலில் முதல் தாள் என் வீட்டுக்காரருடையது. செம்பரம்பாக்கம் கிடங்கில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து ஐந்து நிமிடம் குறட்டை விட்டவர், ஃபேன் காற்று நன்றாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்து எதிர்வீட்டு ஆட்டோக்காரர். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சுகூடப் பெரிதாக விடாமல் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கண்ணைத் திறப்பார், மூடுவார். கடைசியில் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா, அரை அவரா தலையில கையை வெச்சிகினு குந்திகினு கீற. எப்பதான் ஆரம்பிப்ப?"

மகளும் கட்சி மாறினாள்

என் மகளுக்கு நான்கு வயது. நான் தலையில் கை வைத்தால், பேன் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவாள். எழுத்துப் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்வீன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விளையாட்டாகக் குழந்தையின் தலைக்கடியில் கையைக் கொடுத்தாள். பகலில் கண் மூடாத பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. நான் சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். கை தவறி இல்லை. அப்போதும் எழவில்லை.

சாயங்காலம் எழுந்து பர்வீன் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள்: "ம்மா, இந்த ஆன்ட்டிய நம்ம ஊட்லயே வெச்சிக்கலாமா?"

பரீட்சை

இரண்டு கட்டில். என் கட்டிலில் மேடமே படுத்தார். பர்வீனுக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அம்மா. பத்து நிமிடம் தலையைத் தாங்க வேண்டும். படுத்திருப்பவரே முடிவு சொல்வார். அந்த அறையையும் கதவில் என் பெயரையும் நினைத்து நினைத்து முதல் நிமிடம் என் விரல் இரும்பாகவே இருந்தது.

அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெருமூச்சு. திரும்பினேன். பரீட்சகர் அம்மாவின் கண்ணோரத்தில் ஈரம். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டது. முழங்கையை எப்படி வைத்திருக்கிறாள், அந்தக் கண்ணீர் தானாக வந்ததா, இல்லை விரலில் தைலம் ஏதாவது தடவியிருக்கிறாளா என்று மோப்பம்கூடப் பிடித்தேன். என் கையில் ஒரு தலை இருப்பதே மறந்துபோனது. மணி அடித்தது. மேடம் எழுந்திருக்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். மெதுவாகக் கண் திறந்து, பாஸ் என்றார்.

என் வாயில் பொய் நிற்கவில்லை. உங்களைக் கவனிக்கவே இல்லை மேடம், பர்வீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். மேடம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "தெரியும். இத்தனை மாசமா என் தலையிலேர்ந்து எதையோ புடுங்கப் பாத்த. இன்னிக்குத்தான் சும்மா விட்ட."

ஒரே கதவு

பர்வீனும் பாஸ். டாக்டரம்மா ஒரே அறையை நாள்கணக்கில் பிரித்துக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. கதவில் இரண்டு பெயரும் உண்டு, அவள் பெயர் மேலே. அகர வரிசையாம். போன புதன்கிழமை என் முதல் ஆள், சென்னீர்குப்பத்திலிருந்து கழுத்து வலியோடு வந்த அம்மா, செருப்பைக் கழற்றுவதற்குள் அறையை எட்டிப்பார்த்துக் கேட்டார்: "அந்தப் பொண்ணு இன்னிக்கு இல்லியா?"

கை லேசாவதற்கு மற்றவர்களுக்கு மனசு சுத்தமாக இருக்க வேண்டுமாம், எனக்கு ஒருத்தி மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தால் போதுமானதாக இருக்கிறது.