பெர்மனன்ட் பம்பு

கம்பெனி பஸ் ஒன்று ரவுண்டானாவைத் தாண்டியதும் முனகி நின்றுவிட்டது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். டிரைவர் பானெட்டைத் திறந்து, கைப்பம்பை அழுத்திக்கொண்டே, "ஏர் புடிச்சிகிச்சிப்பா" என்றார். திருகைத் தளர்த்தியதும் டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. சைக்கிளில் ஒரு காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் எஞ்சினுக்கும் இதுதான் வியாதி. பெட்ரோலோடு காற்றும் போகிறது. நான் மூன்று மாதமாகக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதெல்லாம் வீண்.

எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அது இருக்கிறது. ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானம் என்று சொல்லலாம். ஆனால் இப்போதைக்கு ஒரு குழாய்ச் சட்டம், ஒரு இருக்கை, இருக்கைக்கு அடியில் டேங்க், தலைக்குப் பின்னால் எஞ்சின், அதற்குப் பெட்ரோலை ஏற்றும் பம்பு, விசிறி. இறக்கை காகிதத்தில்தான். பயிற்சி, அனுமதி எல்லாம் அதற்கும் பிறகு.

அப்பா மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். வாடகைக்குப் பார்த்திருக்கும் மாடி வீட்டில் இதற்கு இடமில்லை. "முழு வேகத்துல பத்து நிமிஷம் நிக்காம ஓட்டிக் காட்டு, ஒன் பிரெண்டோட முந்திரித் தோப்புக்கு வண்டி வச்சு ஏத்தி விடறேன். இல்லன்னா இரும்புக்கடைதான்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடத்தில் இருமி நின்றுவிடுகிறது.

நினைத்த நேரத்தில் ஓட்டவும் முடியாது. ஒருநாள் காலையில் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டியதுமே பக்கத்து வீட்டு ஆண்டி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "ஏம்மா, மாமா நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் கண்ண மூடுனாரு. ஒன் ஏரோப்ளேன சாயந்திரமா கெளப்பக் கூடாதா?"

பஸ் நின்ற அன்று சாயந்திரமே, முந்திரித் தோப்பு வைத்திருக்கும் அந்த முத்தாண்டிக்குப்பத்து நண்பனை வரச்சொன்னேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன்; மூன்று வருடமாக மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி, இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. குனிந்து பார்த்தான்.

"இன்னாபா, பம்ப எஞ்சின் மேலயே போல்ட் போட்டு வச்சிகினு இருக்க?"

"ஆடாம இருக்கும்ல. பெர்மனன்ட்டா."

"அதான பார்த்தேன். எது கெடச்சாலும் பெர்மனன்ட் ஆக்கிடணும் ஒங்களுக்கு."

சிரித்தேன், ஆனால் குத்தியது. அப்பா கம்பெனியில் பெர்மனன்ட்; எங்கள் வீட்டில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அதனால்தான் இரண்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். எஞ்சினின் துடிப்பு ஒரு சின்ன ஹோஸ் வழியாக வந்துதான் அந்தப் பம்பை இயக்குகிறது. அதற்குப் பம்பு பக்கத்தில் இருந்தால் போதும், மேலேயே ஏறி உட்கார வேண்டியதில்லை. உட்கார்ந்தால் சூட்டிலும் ஆட்டத்திலும் பெட்ரோல் நுரைத்துவிடும். போதாததற்கு, இருக்கைக்கு அடியிலிருந்து அவ்வளவு உயரம் அதை உறிஞ்ச வேறு வேண்டும். பம்புக்குத் தள்ளுவதுதான் சுலபம், உறிஞ்சுவது கஷ்டம்.

அவன் போல்ட்டைக் கழற்றினான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு சாண் கீழே, சட்டத்தில் பம்பைக் கட்டினான். "இப்ப இது காண்ட்ராக்ட். எப்பிடி ஒழைக்குது பாரு."

சட்டத்தை வேப்பமரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளப்பினோம். நான்கு நிமிடம் தாண்டியது. ஐந்து. ஆறு. சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது. பெட்ரோல் ஏறும் கண்ணாடி டியூபையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடத்தில் அதில் ஒரு குமிழி ஏறியது, பின்னாலேயே நாலைந்து. எஞ்சின் இருமி நின்றது.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கலாமா?" என்றான்.

"எறக்குனா துடிப்பு ஹோஸ் நீளமாயிடும். பம்புக்கு வர்றதுக்குள்ள துடிப்பே செத்துரும்."

விடியற்காலை ஷிப்ட் இருந்தது அவனுக்கு. போய்விட்டான். நான் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கயிறு சுண்டிச் சுண்டி உள்ளங்கை எரிந்தது.

இன்னும் ஒன்பது நாள். சின்ன எலக்ட்ரிக் பம்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதை டேங்குக்குக் கீழே வைத்து, பெட்ரோலை அடியிலிருந்தே மேலே தள்ளவிட வேண்டும். காண்ட்ராக்ட் பம்பு கட்டிய இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டு மாமாவுக்குத் திங்கட்கிழமையிலிருந்து முதல் ஷிப்ட். அவர் ஏறிய பஸ் பிளாக் முனை திரும்பியதும் கயிற்றைச் சுண்டப்போகிறேன். இந்தப் பம்பையும் சைக்கிள் டியூபால்தான் கட்டப்போகிறேன்.