அப்பா கோட்டையைக் கொடுத்துவிட்டார்

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. துபாயில் நான் படித்தது பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. சோழர்களைப் பற்றி ஒரு வரி தெரியாது. ஆனால் இங்கிலாந்தின் பழைய கோட்டைகளை எப்படி முற்றுகையிட்டார்கள் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். சத்வாவில் எங்கள் சின்ன ஃபிளாட்டின் நடுக்கூடத்தில், கீழ்க்கடையிலிருந்து அள்ளி வந்த அட்டைப்பெட்டிகளால் ஒரு கோட்டை எழும்பியிருந்தது. அம்மா அதைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போவார்.

அந்தப் பள்ளி விடுமுறையில் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். சவுதி அரேபியாவின் ஜுபைலில் இருந்த நண்பர் ஒருவர் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த அழைப்புக்காக அப்பா குளிக்கப் போகும்போதுகூடப் போனை எடுத்துப் போனார். காத்திருக்காமல் ஊருக்கே போய்விடலாம் என்ற அம்மாவின் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பகலில் விளையாட ஆள் கிடைத்ததே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு மத்தியானம் அப்பாவைக் கோட்டைத் தளபதியாக நியமித்தேன். முற்றுகையிடும் படை என்னுடையது.

"உள்ள சாப்பாடு எவ்ளோ இருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான். ஆனா நீங்க டைம் கேக்கலாம்ப்பா. ராஜாவுக்கு ஆள் அனுப்பி, இந்த நாளுக்குள்ள படை அனுப்புங்கன்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் அடிக்க மாட்டேன்."

"அனுப்பலைன்னா?"

"கதவத் திறந்துடணும். அதான் ரூல்."

"திறந்தா வெட்டிடுவியா?"

"ஐயோ, இல்லப்பா! சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு, கொடி பிடிச்சுக்கிட்டே போலாம். கோழைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அப்பா போனைத் தரையில் வைத்தார். "அந்தத் தளபதியோட ஊர்க்காரங்ககூடச் சொல்ல மாட்டாங்களா?"

"ஊர்க்காரங்களா? அதெல்லாம் புக்ல போடலையே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சரி, திறந்துட்டேன்" என்று கோட்டை வாசலின் அட்டைப் பாலத்தை அப்பாவே இறக்கினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோபாவுக்குப் பின்னால் ராஜாவின் படையை ஒளித்துவைத்திருந்தேன். ஷார்ப்னர், ரப்பர், சதுரங்கக் குதிரைகள் என்று எல்லாரும் கிளம்பத் தயாராக நின்றார்கள். "இருங்கப்பா, ராஜா வந்துக்கிட்டே இருக்காரு!" என்று கத்தினேன்.

"அவரு வர மாட்டாரும்மா" என்றார் அப்பா. "கலாஸ். முடிஞ்சுது."

விளையாட்டிலேயே சேராத அம்மா கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிடமே சிரித்தார். பல நாளாக அப்பாவிடம் முகங்கொடுத்துப் பேசாதவர், கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். ஜெயித்த நான் விசும்பிக்கொண்டிருக்க, தோற்றவருக்கு உபசாரம்! என்ன நியாயம் இது?

டீயைக் குடித்துவிட்டு அப்பா கோட்டைச் சுவரோரமாகவே தலை சாய்த்தார். நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை கேட்டது. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காத மனிதரை அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானோ, தூக்கம் வந்ததால்தான் கோட்டையைக் கொடுத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். அவர் எழுந்ததும் ஆட்டத்தை முறைப்படி மறுபடி தொடங்க வேண்டுமே என்று, பாலத்தைத் தூக்கிக் கதவை இறுக மூடிவைத்தேன்.